மாமா இருக்கும் வானம்

ஏர் ஷோவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மாமா கழுத்தைத் தயார் செய்யத் தொடங்கிவிடுவார். விடிகாலையில் மொட்டை மாடியில் நின்று இடமிருந்து வலம் ஒரு சுற்று, வலமிருந்து இடம் ஒரு சுற்று, பிறகு அண்ணாந்தபடி பத்து எண்ணும் வரை அசையாமல் நிற்பது. எதிர்வீட்டுப் பெண்மணி அத்தையிடம், “சார் யோகா பண்றாரா?” என்று கேட்டிருக்கிறார். “யோகா இல்லீங்க, எலஹங்கா” என்று சொல்லிவிட்டு அத்தை துணி உலர்த்தப் போய்விட்டார்.

மாமா என்றால் என் மனைவியின் தாய்மாமன். பெங்களூரில் ஹெப்பாள் பக்கம் வீடு. வாழ்நாள் முழுக்க வங்கி வேலை. விமானப்படையோடு அவருக்கு இருந்த ஒரே உறவு, இளம் வயதில் விண்ணப்பம் போட்டு, உயரம் போதாதென்று திரும்பி வந்ததுதான். ஓர் அங்குலத்தில் போய்விட்டது என்று என் கல்யாணமான புதிதில் சொன்னார். சில தீபாவளிகள் கழித்து அது அரை அங்குலமாயிற்று. இப்போது, “அந்த ஆளு செருப்பைக் கழட்டச் சொல்லாம இருந்திருந்தா…” என்ற அளவில் நிற்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் மாமா தேர்வாகிவிடுவார் என்று நம்புகிறேன்.

இந்த வகை மனிதர் எங்கள் குடும்பத்துக்கு மட்டுமே சொந்தமல்ல. விமானம் பறக்கும் இடமெல்லாம் இருக்கிறார். பாரிஸுக்குப் பக்கத்தில் லெ பூர்ஜேயிலும், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலும் மாமாவின் பங்காளிகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அவரவர் மருமகன்களின் தோளைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். இவர்களுக்கு வானத்தில் நடப்பது பாதிதான். மீதிப் பாதியை இவர்கள் வாயால் நடத்தித்தர வேண்டியிருக்கிறது.

எலஹங்கா விமானப்படைத் தளத்தில் 1996 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘ஏரோ இந்தியா’ நடக்கிறது. அது நடக்கும் நாட்களில் மாமாவின் வீட்டில் ராணுவ ஆட்சி. தளத்தைச் சுற்றி இறைச்சிக் கடைகளையும் அசைவ ஓட்டல்களையும் மூடச் சொல்லி மாநகராட்சி உத்தரவு போடுவது வழக்கம். 2025இல் தளத்திலிருந்து 13 கிலோமீட்டர் தூரம் வரை. தெருவில் கொட்டும் இறைச்சிக் கழிவுக்குப் பருந்துகள் வட்டமிடும், பருந்து எஞ்சினுக்குள் போனால் விமானத்துக்கே ஆபத்து என்பது காரணம். நியாயமான காரணம்தான். விற்பனைக்குத்தான் தடை, வீட்டுச் சமையலுக்கு அல்ல. ஆனால் மாமா உத்தரவின் எழுத்தை விட்டுவிட்டு ஆவியைப் பிடித்துக்கொள்கிறவர். ஆம்பூரிலிருந்து சம்பந்தி வீட்டார் பிரியாணி அண்டாவோடு வந்து இறங்கியபோது வாசலிலேயே விசாரணை தொடங்கியது.

“சாப்பிட்ட எலும்பை எங்க போடுவீங்க?”

“குப்பைத் தொட்டியில.”

“தொட்டியை ராத்திரி யாரு உருட்டுவா?”

“நாய்.”

“நாய் எலும்பைத் தெருவுல போடும். பருந்து பார்க்கும். கீழ வரும், கவ்வும், மேல போகும். மேல யாரு இருக்கா?”

சம்பந்தி யோசித்து, “கடவுள்” என்றார்.

“சூர்யகிரண் சாகசக் குழு!” என்றார் மாமா.

பிரியாணியைக் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம். எலும்புகளை ஃப்ரீசரில் வைத்து, கண்காட்சி முடிந்தபின் வெளியே போட்டதாக அத்தை பிறகு சொன்னார்.

டிக்கெட் வாங்குவதிலும் மாமாவுக்கு ஒரு தத்துவம் உண்டு. பறப்பதை மட்டும் பார்க்கும் திடலுக்கு 1000 ரூபாய், உள்ளே போய் நிறுத்திவைத்த விமானங்களையும் அரங்குகளையும் பார்க்க 2500. “நிக்கிற விமானத்தைப் பார்க்க ஆயிரத்தைந்நூறு கூடவா? நின்னா அது பஸ்ஸு, மாப்ளே.” 2025இல் இந்தத் தத்துவத்துக்குச் சோதனை வந்தது. ரஷ்யாவின் சுகோய்-57, அமெரிக்காவின் எஃப்-35 இரண்டும் ஒரே தளத்துக்கு வந்திருந்தன. உலகமே அதைப் பேசிக்கொண்டிருந்தது. சுகோய் பறந்துகாட்டியது. எஃப்-35ஐக் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள், அதாவது எங்கள் டிக்கெட்டுக்கு எட்டாத இடத்தில். அது மாமாவைத் தடுக்கவில்லை. அதன் ரேடாருக்குத் தப்பும் பூச்சு, அது தின்னும் பணம், இந்தியா அதை வாங்கலாமா கூடாதா என்று எல்லாவற்றையும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே விவரித்தார். கடைசியில், வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தார். காசோலையில் கையெழுத்துப் போடப் பேனா எடுத்தவர் மறுபடி சட்டைப் பையில் செருகிக்கொண்ட தோரணை.

போகும் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பல்லாரி சாலை அன்று நகராது. மாமாவுக்குக் குறுக்குவழி தெரியும். குறுக்குவழி ஒரு மூடிய இரும்புக் கதவில் முடியும். மேம்பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பவர்களைப் போலீசார் விரட்டிக்கொண்டிருப்பார்கள். இதற்கிடையே 2019 கதை வரும். அந்த ஆண்டு கண்காட்சியின் வாகன நிறுத்துமிடத்தில் தீப்பிடித்துச் சுமார் 300 கார்கள் எரிந்துபோயின. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. “காய்ஞ்ச புல்லு, பிப்ரவரி வெயிலு. எனக்கு அப்பவே மனசுல பட்டுது. அன்னிக்கு நான் பஸ்லதான் போனேன்” என்பார் மாமா. பின்சீட்டிலிருந்து அத்தை, “கார் அன்னிக்கு ஒர்க்‌ஷாப்புல இருந்துச்சுங்க” என்பார்.

திடலுக்குள் போனதும் மாமா முதலில் செய்வது, தம்மைச் சுற்றி ஒரு சபையைச் சேர்ப்பது. மடக்கு நாற்காலி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் அவர் மாமனார் காலத்து பைனாகுலர். யாரிடமும் நேராகப் பேச மாட்டார். என்னிடம் பேசுவார், பத்து வரிசைக்குக் கேட்கும்படி.

“அதோ! மாப்ளே, அதோ! சி-17 குளோப்மாஸ்டர். எவ்வளவு பெரிய உடம்பு பாருங்க. பீரங்கி வண்டியையே உள்ள ஏத்திக்கும்.”

எல்லாத் தலைகளும் திரும்பின. முன்வரிசையில் ஒரு பையன் மட்டும் போனிலிருந்து கண் எடுக்காமல், “அங்கிள், அது ஏ320. கொச்சியிலேர்ந்து வருது. லேட்டு” என்றான்.

சாகசங்கள் தொடங்கும் வரை கெம்பேகவுடா விமான நிலையத்துக்குப் பயணிகள் விமானங்கள் போய்க்கொண்டுதான் இருக்கும். பையனின் போனில் எந்த விமானம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் ஓடியது. ஓசூரிலிருந்து அப்பாவோடு வந்திருந்தான், பத்து வயது இருக்கலாம். மாமா அவனைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். காலம் காலமாகத் தனியாட்சி நடத்திய ஊரில் எதிர்க்கட்சி உதயமானதைப் பார்க்கிற பார்வை.

மாமாவுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். கஷ்டமே அவருக்கு நிறையத் தெரியும் என்பதுதான். “சத்தம் வர்ற இடத்துல பார்க்காதீங்க, மாப்ளே. அதுக்கு முன்னால பாருங்க” என்று அவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் விமானத்தின் சத்தம் நம் காதுக்கு வர ஆறு நொடி ஆகும். மணிக்கு 900 கிலோமீட்டரில் போகிற போர் விமானம் அதற்குள் ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியிருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் காலி வானத்தைப் பார்த்து வாயைப் பிளப்பது இதனால்தான். இவ்வளவையும் மாமா சரியாகச் சொல்வார். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். ஒலியாவது ஆறு நொடியில் வந்துவிடுகிறது.

சுகோய்-30 வந்தபோது இதுதான் நடந்தது. அதன் எஞ்சினின் பின்வாய் அசையக்கூடியது; வெளியேறும் உந்துவிசையின் திசையையே திருப்பலாம்; அதனால் வேகம் குறைந்த நிலையிலும் மூக்கை நினைத்த பக்கம் வளைக்க முடியும். மாமா என் தோள்களைப் பிடித்துத் தம் பக்கம் திருப்பி, உள்ளங்கையை விமானமாக்கி, மணிக்கட்டைப் பின்வாயாக்கி விளக்கினார். சுகோய் செங்குத்தாக ஏறியது, மல்லாந்தது, நாகம் படமெடுப்பதாகச் சொல்லும் அந்த வித்தையைச் செய்துவிட்டுச் சரிந்து இறங்கியது. எல்லாவற்றையும் நான் மாமாவின் கறுப்புக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு சுகோய்கள் தெரிந்தன, இடக்கண்ணில் ஒன்று, வலக்கண்ணில் ஒன்று.

“ஒன்பது ஜி-ன்னா என்னன்னு தெரியுமா? 80 கிலோ ஆளு 720 கிலோவா இருக்கிற மாதிரி உடம்பு அழுந்தும். ரத்தம் தலையிலிருந்து இறங்கிடும்.”

“இந்த நாற்காலி 80க்கே முனகுதுங்க” என்றார் அத்தை.

அத்தையைப் பற்றிச் சொல்லாவிட்டால் சித்திரம் முழுமையாகாது. அவர் பிறந்த ஊர் சூலூருக்குப் பக்கம். மயில் தோகை வண்ணம் பூசிய சாரங் ஹெலிகாப்டர் குழு அங்கேதான் இருக்கிறது. தேஜஸ் படைப்பிரிவும் அங்கே இருந்திருக்கிறது. இங்கே ஆயிரம் ரூபாய் கொடுத்து, வெயிலில் காய்ந்து பார்ப்பதை அவருடைய அண்ணன் மாட்டுக்குத் தண்ணி காட்டியபடியே பார்க்கிறார். முந்தைய ஒரு கண்காட்சியில் சாரங் குழுவின் துருவ் ஹெலிகாப்டர்கள் ஒன்றையொன்று நோக்கிப் பாய்ந்து கடைசிக் கணத்தில் விலக, திடலே கூச்சலிட, அத்தை உள்ளங்கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு, “இது நம்மூர்ப் பசங்கதானுங்க. துணி காயப்போட்டா ஒரே தூசி” என்றார்.

சூர்யகிரண் வரும்போது மட்டும் மாமா எழுந்து நின்றுவிடுவார். 1996இல் பீதரில் தொடங்கிய குழு. ஒன்பது கிரண் விமானங்கள் சிறகோடு சிறகு உரசுவது போலப் பறந்த காலத்தை மாமா பார்த்திருக்கிறார். பயிற்சி விமானங்களுக்குத் தட்டுப்பாடு வந்ததால் 2011இல் குழுவைக் கலைத்து, அந்த விமானங்களைப் பயிற்சிக்கே திருப்பிவிட்டார்கள். 2015இல் ஹாக் விமானங்களோடு குழு மறுபடி உயிர்பெற்றது. மாமாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. “கிரண் நம்ம எச்.ஏ.எல். கம்பெனி கட்டினது. நம்ம பெங்களூர்ப் பிள்ளை. ஹாக் என்ன இருந்தாலும் வெள்ளைக்காரன் சரக்கு.”

“ஹாக்கையும் இங்க எச்.ஏ.எல்.லதான் கட்டினாங்க, அங்கிள்” என்றான் பையன்.

“கட்டினது இங்க. வரைஞ்சது அங்க” என்றார் மாமா. அது சரியான பதில்தான். பையன் முதல் தடவையாகப் போனிலிருந்து தலை நிமிர்ந்தான்.

அதன்பின் இருவருக்கும் ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. பையன் பெயர் சொல்வான், மாமா விளக்கம் சொல்வார். புகை எப்படி வருகிறது என்று பையன் கேட்டான். எஞ்சினின் சூடான வாயுவில் டீசலைப் பீய்ச்சினால் அது வெண்புகையாகிறது, சாயம் கலந்தால் காவியும் பச்சையும் என்று மாமா சொன்னார். சூர்யகிரண் வானத்தில் ஓர் இதயம் வரைந்து அது கரைந்து, அடுத்த வித்தையும் முடியும் வரை சொன்னார்.

நடுவில் ஒரு விஷயம். மாமா கொண்டுவரும் பையில் முன்பெல்லாம் தண்ணீர் இருக்காது. புட்டி கனக்கும், பைனாகுலருக்கு இடம் வேண்டும் என்பார். 2024 அக்டோபர் 6ஆம் தேதி சென்னை மெரினாவில் விமானப்படை சாகசம் நடந்தபோது மாமா வந்திருந்தார். லட்சக்கணக்கில் கூட்டம், உச்சி வெயில், கடற்கரையில் நிழலும் இல்லை, குடிக்கத் தண்ணீருக்கும் வழியில்லை. அன்று ஐந்து பேர் இறந்துபோனார்கள். மயங்கிய ஒருவரைக் கைத்தாங்கலாகக் கலங்கரை விளக்கம் வரை கூட்டிப்போனவர்களில் மாமாவும் ஒருவர். எலஹங்காவுக்கு இப்போது அவர் ஒரு பெரிய பை நிறையத் தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார். முன்வரிசை, பின்வரிசை என்று கேட்காமலே நீட்டுகிறார். மெரினாவில் எந்த விமானம் என்ன செய்தது என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். தண்ணீரைப் பற்றிக் கேட்டால், “குடிங்க, குடிங்க” என்பதோடு சரி.

மாமாவின் மற்றொரு சேவை புகைப்படம். வீட்டுக்குத் திரும்பியதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரிசையாக நீல வானங்கள் வந்து இறங்கும். ஒவ்வொன்றிலும் சிவப்பு வட்டம் ஒன்று போட்டிருப்பார். வட்டத்துக்குள் ஒரு புள்ளி. ‘ரஃபேல்’, ‘தேஜஸ்’, ‘ஜாகுவார்’ என்று கீழே பெயர். ஒருமுறை என் மைத்துனி, “மாமா, ஜாகுவார் சிறகடிக்குதே” என்று பதில் போட்டாள். பெரிதாக்கிப் பார்த்தோம். பருந்து. தடை உத்தரவு முழுமையாக அமலாகவில்லை என்பதற்கு ஆதாரமாக அதை மாநகராட்சிக்கு அனுப்பப்போவதாக மாமா அறிவித்தார்.

அன்று நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைந்தபோது, பையனின் அப்பா மாமாவின் அருகே வந்தார். பையன் வற்புறுத்தியிருக்க வேண்டும். கொஞ்சம் தயங்கி, மரியாதையாகக் கேட்டார்:

“சார் ஏர்ஃபோர்ஸ்லீங்களா?”

மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓடுபாதைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. உயரம் ஓர் அங்குலம் கூடியதை நானே பார்த்தேன்.

“ரிட்டயர் ஆயிட்டேன்” என்றார்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அப்பாவும் பையனும் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். பையன் போகும்போது அரைகுறையாக ஒரு சல்யூட்டும் வைத்தான். மாமா அதைத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்த அத்தை என் பக்கம் திரும்பி, “பென்ஷன் பேங்குலதானுங்களே வருது, மாப்பிள்ளை. அப்படிப் பார்த்தா எல்லாம் ஒண்ணுதானுங்க” என்றார்.