பில்லைக் காட்டிவிட்டுப் போங்கள், தெய்வமே!

கல்லாவுக்கு மேலே காந்தி சிரிக்கிறார். வாடிக்கையாளரை ஏறக்குறையக் கும்பிடச் சொல்லும் வாசகம் ஒன்று அவர் பெயரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. காந்தி அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. அதே கருத்து 1941-இல் அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனியின் விற்பனை அதிகாரி ஒருவர் பெயரில் அச்சாகியிருக்கிறது. ஆக, கடையின் முதல் திருட்டுப் பொருள் சுவரிலேயே தொங்குகிறது. அதற்கு யாரும் பில் கேட்பதில்லை.

பில் நம்மிடம்தான் கேட்பார்கள்.

நுழையும்போதே தொடங்கிவிடும். "சார், பையை இங்க வெச்சுட்டுப் போங்க." தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை முதலமைச்சரே தொடங்கி வைத்தார். வீட்டிலிருந்து பை கொண்டுபோங்கள் என்றார்கள். கொண்டுபோனோம். அரசுக்கு அந்தப் பை பண்பாடு. கடைக்கு அது தடயம்.

தடயத்தை வாங்கி வைத்துக்கொண்டு கையில் ஒரு டோக்கனைத் திணிப்பார்கள். தலைக்கு மேலே பலகை: 'பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' நம் பையை நாம் வைத்துக்கொள்ள உரிமை இல்லை. பிடுங்கி வைத்த பைக்கு அவர்களுக்குப் பொறுப்பு இல்லை. ஒப்படைத்த பொருளைத் தன் பொருளைப்போலக் காக்க வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-லேயே சொல்லிவிட்டது. நிர்வாகத்துக்கு இன்னும் படிக்க நேரம் கிடைக்கவில்லை.

பில் போடும் இடத்தில் அடுத்த கேள்வி. "பை வேணுமா மேடம்? பத்து ரூபா." நம் பை வாசலில் கைதாகிக் கிடக்கிறது. அவர்கள் விளம்பரம் அச்சடித்த பையை நாம் காசு கொடுத்து வாங்கி ஊர்வலம் போக வேண்டும். பணம் கட்டும் நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல், பைக்குக் காசு வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று பிக் பஜார் வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் சொன்னது. கடைகள் தீர்ப்பை மதிக்கின்றன. இப்போது முன்கூட்டியே சொல்லிவிட்டு வாங்குகின்றன.

"மொபைல் நம்பர் சொல்லுங்க." சோப்புக் கட்டிக்கு எதற்கு நம்பர்? நம்பர் தராவிட்டால் பில் போட மாட்டேன் என்பது முறையற்ற வணிகம் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியது. கேட்பது நிற்கவில்லை. சில நாளில் செங்கல்பட்டில் மனை விற்கிறவர் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். எங்கிருந்தோ எதுவோ வெளியே போயிருக்கிறது. அதை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை.

கடைசியில் வெளிவாசல். கல்லாவிலிருந்து வாசல் பத்தடி. பணம் கட்டிய மனிதர் அந்தப் பத்தடிக்குள் திருடராகிவிடலாம் என்று அங்கே ஒரு காவலாளி. நாற்பது பொருள் போட்ட பில்லை இரண்டு நொடி பார்ப்பார். ஒரு ஓட்டை போடுவார். பைக்குள் இருப்பது புளியா, புடவையா என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஓட்டை விழுந்துவிட்டது. கடை காப்பாற்றப்பட்டது.

சட்டை மடிப்பில் ஒட்டியிருக்கும் காந்தப் பட்டையைச் செயலிழக்கச் செய்வது பில் போடுகிறவர் வேலை. அவசரத்தில் மறந்துவிடுவார். வாசலில் மணி அடிக்கும். மறந்தது கடை. பையைக் கொட்டிக் காட்டுவது நாம். சுற்றி நிற்கும் இருபது பேர் முகத்தில் நம்மைப் பற்றிய தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். பிறகு வரும் ஒரு 'சாரி சார்.' அதற்கு மணி கிடையாது. யாருக்கும் கேட்காது.

நம் பையைத் துழாவும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் கடைக் காவலாளிக்குத் தரவில்லை. நாம் திறந்து காட்டுவதால் அவர் பார்க்கிறார். அவ்வளவுதான்.

உண்மையிலேயே ஒருவர் பிடிபட்டால் என்ன நடக்கிறது? பின்னறை. கதவு சாத்தல். மன்னிப்புக் கடிதம். கையில் பிடிபட்ட பொருளோடு போட்டோ. 'பத்து மடங்கு அபராதம்.' இந்த நாட்டில் அபராதம் விதிக்க நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு கருணையாகவே பேசுகிறது: 5,000 ரூபாய்க்கு உட்பட்ட திருட்டு, முதல் முறை தண்டனை, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான் தண்டனை. அதே சட்டத்தின் 127-ஆம் பிரிவு, ஒருவரைச் சட்ட விரோதமாக அடைத்து வைப்பதற்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. அதாவது ஷாம்பு பாட்டிலை எடுத்தவர் தெருக் கூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவரைப் பின்னறையில் பூட்டியவர் உள்ளே போகலாம். இதைச் சட்டம் போட்டு மாட்ட எந்தக் கடைச் சுவரிலும் இடமில்லை.

திருட்டே நடக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. தீபாவளிக் கூட்டத்தில் பட்டுப்புடவையைச் சுருட்டும் கும்பல்கள் உண்டு. அவர்கள் கந்தலில் வருவதில்லை. குடும்பமாக, பளபளவென்று வருகிறார்கள். அவர்களுக்கு ஏ.சி. காற்று, நாற்காலி, குளிர்பானம். லுங்கி கட்டியவர் பின்னால் மட்டும் அலமாரி அலமாரியாக ஒருவர் நிழல்போல் நடப்பார். திருடனைத் தேடும் கண் இல்லை அது. ஏழையைத் தேடும் கண்.

பணம் கட்டியதற்கான சீட்டு கையில் இருந்தால் போதுமா? போதாது. 2023 மார்ச் 30, சென்னை ரோகிணி தியேட்டர். டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தினார்கள். பிறகு உள்ளே விட்டார்கள். வீடியோ பரவியது. விளக்கமும் வந்தது: படத்துக்கு யு/ஏ சான்றிதழ், பிள்ளைகள் சின்னவர்கள். தணிக்கை விதிமீது இவ்வளவு பக்தியை ஊர் அதற்குமுன் கண்டதில்லை.

பெரிய வாசல்களில் இந்தக் கண்டிப்பு இருக்கிறதா? 2015 அக்டோபரில், தொழிலதிபர் விஜய் மல்லையாவை விமான நிலையத்தில் கண்டால் தடுத்து நிறுத்துங்கள் என்று சி.பி.ஐ. நோட்டீஸ் விட்டது. அடுத்த மாதமே அதைத் திருத்தியது: நிறுத்த வேண்டாம், தகவல் சொன்னால் போதும். 2016 மார்ச் 2 அன்று அவர் பறந்தார். வங்கிகளுக்கு வர வேண்டியது 9,000 கோடிக்கு மேல். திருத்தியது பிழையான கணிப்பு என்று சி.பி.ஐ. பிறகு சொன்னது. ஷாம்புவுக்கு 'நில்லு'. கோடிகளுக்கு 'தகவல் சொல்லு'.

கடைக்குள்ளேயே இன்னொரு வரிசை இருக்கிறது. பல ஜவுளிக் கடைகளில் இரவு கடை மூடியதும் விற்பனைப் பெண்களின் கைப்பை சோதிக்கப்படும். பொருள் குறைந்தால் சம்பளத்தில் கை வைப்பார்கள். ஒப்படைத்த பொருள் அந்தத் தொழிலாளியின் அலட்சியத்தால்தான் தொலைந்தது என்றால் மட்டும், அதுவும் விளக்கம் கேட்ட பிறகுதான் பிடிக்கலாம் என்கிறது சட்டம். யார் கேட்கிறார்கள்? இந்தப் பெண்களுக்கு உட்கார ஒரு நாற்காலி போடச் சொல்வதற்கே 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனியாகச் சட்டம் திருத்த வேண்டியிருந்தது. நாற்காலி கொடுக்கச் சட்டம் தேவைப்பட்ட முதலாளியிடம்தான் நாம் மரியாதை எதிர்பார்த்து நிற்கிறோம்.

திருட்டைத் தடுக்க வழி தெரியாமல் இல்லை. "வாங்கம்மா, என்ன பாக்குறீங்க?" என்று முகம் பார்த்துக் கேட்கும் ஆள் அலமாரிக்கு ஒருவர் இருந்தால் போதும். திருட வந்தவருக்குத் தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்று தெரியும். வாங்க வந்தவருக்குத் தன்னை ஒருவர் மதித்தார் என்று தோன்றும். ஒரே வாக்கியம், இரண்டு வேலை. ஆனால் அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதனால் ஆளைக் குறைத்தார்கள், கேமராவைக் கூட்டினார்கள். அந்தக் கேமராவின் விலையும், வாசலில் ஓட்டை போடுகிறவரின் கூலியும் நாம் வாங்கும் துவரம்பருப்பில்தான் ஏறியிருக்கிறது. நம்மைச் சந்தேகப்படும் செலவும் நம்முடையதே.

அடுத்த முறை பையைத் திறக்கச் சொன்னால் காவலாளியிடம் கத்தாதீர்கள். நாள் முழுக்க நிற்கும் அவரும் நம் பக்கத்து ஆள்தான். மேலாளரைக் கூப்பிடுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். தரவில்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915. பிறகு அடுத்த மாதச் சாமானைத் தெருமுனை அண்ணாச்சி கடையில் வாங்குங்கள். அவர் கடனே கொடுப்பார்.