வயரில்லா வீட்டுக்கு வயர் இழுக்கிறேன்

என் அப்பா தூத்துக்குடியில் வயர்மேன். காலமெல்லாம் 230 வோல்ட்டோடு புழங்கியவர். நான் அதே ஊரில் இருந்துகொண்டு, திருநெல்வேலி, கோவில்பட்டி வரை போய் வீடுகளுக்கு ஆட்டோமேஷன் வயரிங் போட்டுக் கொடுக்கிறேன். என் வேலை பெரும்பாலும் 12, 24, 48 வோல்ட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் அப்பா பார்த்த வேலையைவிட இதற்குத்தான் முன்யோசனை அதிகம் வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு. “எல்லாம் வைஃபையிலதான ஓடுது அண்ணாச்சி, பெறகு எதுக்கு இவ்வளவு வயரு?” என்பார்கள்.

அப்பா காலத்தில் வயரிங் என்றால் தேக்கு ரீப்பர். சுவரில் துளை போட்டு மரக்கட்டையை இறுக்கி அடித்து, அதன்மேல் ரீப்பரை ஸ்க்ரூ வைத்து முடுக்குவார்கள். ரீப்பர் நெடுகச் சின்ன ஆணிகளில் தகரக் கிளிப்புகள். சுருளிலிருந்து வயரை எடுத்ததும் அப்பா அதைத் துணியால் பிடித்து உருவி நேராக்குவார். பிறகு கிளிப்பின்மேல் படுக்க வைத்து, ஒவ்வொரு கிளிப்பாக மடக்கி, சுத்தியால் லேசாகத் தட்டிக்கொண்டே போவார். நடுவில் ஓரிடத்தில் வயர் தொய்ந்தாலும் அந்த வரிசை முழுவதையும் பிரித்து மறுபடி அடிப்பார். லைட்டுக்கு 1/18, பிளக்குக்கு 3/20, மோட்டாருக்கு 7/20 என்று வயரை எண்ணால்தான் சொல்வார்.

அந்த வயரிங்கின் பெரிய குணம், அது கண்ணுக்குத் தெரிந்தது. மெயின் போர்டில் கிளம்பி எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது, எங்கே பிரிகிறது என்று வீட்டில் இருக்கிறவர்களே அண்ணாந்து பார்த்துச் சொல்லிவிடுவார்கள். புதிதாக வருகிற வயர்மேனுக்கு வீட்டின் சுவரே வரைபடம். காசு சேர்ந்தவர்கள் சுவர் அழகாக இருக்க வேண்டும் என்று கன்சீல்டு வயரிங் கேட்க ஆரம்பித்தபோது, அப்பா அதையும் நன்றாகவே செய்தார். ஆனால் பூசுவதற்கு முன்னால் பைப் போகிற தடத்தை ஒரு தாளில் வரைந்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்த வீடுகள் மிகக் கொஞ்சம்.

அந்தக் காலத்து வீட்டிலும் லோ வோல்டேஜ் வயர் உண்டு. ஒன்று ஆன்டெனா வயர். மொட்டை மாடியில் உயரமான பைப் நட்டு, அதன் உச்சியிலிருந்து தட்டையான இரட்டை வயர் இறங்கி ஜன்னல் வழியாக டி.வி.க்கு வரும். கடற்கரை ஊர் என்பதால் எங்களுக்கு இலங்கையின் ரூபவாஹினி கிடைத்தது. உப்புக்காற்றில் முனைகளில் களிம்பு ஏறிப் படம் புள்ளி புள்ளியாகிவிடும். மேலே ஏறிச் சுரண்டிவிட்டு மறுபடி முடுக்க வேண்டும். இன்னொன்று டெலிபோன் வயர். கம்பத்திலிருந்து வந்து சுவரோரமாகவே ஓடும். அதற்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பேட்டரியிலிருந்து வந்தது. அதனால்தான் ஊரே இருட்டில் கிடந்த ராத்திரியிலும் போன் அடித்தது. இன்று கரண்ட் போனதும் ரவுட்டர் அணைந்துவிடுகிறது. அதோடு கேமரா, வாசல் மணி, செல்போனில் தட்டி எரியவிடுகிற விளக்கு எல்லாம் வாயடைத்துப் போகின்றன.

வயர் இல்லாத வீடு என்று நாம் சொல்வதற்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும். கான்கிரீட் தளத்துக்குள் இருக்கிற கம்பி வைஃபையைப் பாதி தின்றுவிடும். ஆகவே மாடிக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் வேண்டும். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கேட்6 நெட்வொர்க் வயர் போக வேண்டும். ‘வயர்லெஸ்’ கேமராவுக்கும் கரண்ட் வயர் வேண்டும். பெரும்பாலான ஸ்மார்ட் ஸ்விட்சுகளுக்கு நியூட்ரல் வேண்டும். வெறும் ஸ்விட்ச் மட்டும் உள்ள பழைய பெட்டிகளில் அது இருக்காது. திரைச்சீலை மோட்டார், கேட் மோட்டார், வீடியோ டோர்போன், மாடித் தொட்டியில் தண்ணீர் அளவு பார்க்கிற சென்சார் என்று ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வயர் இருக்கிறது. ஒரு சுமாரான மாடி வீட்டில், அப்பா ரீப்பரில் இழுத்த வயரைவிட நான் இன்று சுவருக்குள் இழுக்கிற வயரின் நீளம் அதிகம்.

அதைக் கையாளும் முறையும் வேறு. 230 வோல்ட் வயரை ஒரு பாயின்ட்டிலிருந்து அடுத்த பாயின்ட்டுக்கு லூப் எடுக்கலாம். தேவைப்பட்டால் ஜங்ஷன் பாக்ஸில் ஜாயின்ட் போடலாம். கேட்6 அப்படி இல்லை. ஒவ்வொரு வயரும், எல்லா நெட்வொர்க் வயரும் வந்து சேர்கிற ராக் இருக்கிற இடத்திலிருந்து நேராக, நடுவில் ஜாயின்ட் இல்லாமல், அதன் இடத்துக்குப் போக வேண்டும். உள்ளே நான்கு ஜோடி முறுக்கு இருக்கிறது. அந்த முறுக்குதான் வெளி இரைச்சலைத் தடுக்கிறது. முனையில் அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்று விரல் நுனியில் தட்டையாக அடுக்கி, ஒரே வெட்டில் நறுக்கி, கனெக்டருக்குள் தள்ளி, எட்டுச் செம்பு முனையும் கடைசி வரை போய் முட்டியதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் கிரிம்ப் பண்ண வேண்டும். பைப்பில் இழுக்கும்போது பதினோரு கிலோ இழுவைக்கு மேல் கொடுக்கக் கூடாது. கரண்ட் வயரை இழுக்கிற பழக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்து தம் பிடித்து இழுத்தால் முறுக்கு உள்ளே குலைந்துவிடும். வெளியே எந்தக் குறையும் தெரியாது. விலை குறைவு என்று செம்பு பூசிய அலுமினிய வயரை வாங்கிக் கொடுக்கிறவர்களும் உண்டு. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். எங்கள் உப்புக்காற்றில் அது தாங்காது.

எங்கள் ஊரில் ஒரு ஆச்சியின் வீடு. அப்பா வயரிங் பண்ணிய வீடு, காரைச் சுவர், உயரமான கூரை. ஆச்சி ராத்திரி எழுந்து போகும்போது தடுக்கி விழுந்துவிட்டார். மகன் திருநெல்வேலிச் சாலையில் கட்டியிருக்கிற புது வீட்டுக்கும், அம்மாவின் பழைய வீட்டுக்கும் சேர்த்து வேலையை என்னிடம் கொடுத்தார். புது வீடு சுலபம், பழைய வீடு கஷ்டம் என்றுதான் யாருமே நினைப்பார்கள். நடந்தது வேறு. புது வீட்டில் தளத்துக்குள் போட்ட பைப்பில், கான்கிரீட் கொட்டிய நாளில் யார் கால் பட்டதோ, பசை தடவாத ஒரு ஜாயின்ட் கழன்று சிமென்ட் பால் உள்ளே இறங்கி இறுகியிருக்கிறது. வயர் இழுக்கிற ஸ்பிரிங்கை எந்தப் பக்கமிருந்து விட்டாலும் ஒரே இடத்தில் முட்டி நின்றது. கேட்டுக்குப் பைப்பே போடவில்லை. கட்டிக் கொடுத்தவரிடம் வரைபடம் இல்லை. மார்பிளை உடைக்க யாருக்கு மனசு வரும்? கடைசியில் அந்தப் புத்தம் புது வீட்டின் வெளிச்சுவர் நெடுக கேசிங் கேப்பிங் அடித்து, கண்ணுக்குத் தெரிகிற வயரிங்தான் போட வேண்டியிருந்தது.

ஆச்சி வீட்டில் ஒரு வெட்டுகூட வெட்டவில்லை. பழைய வயரின் ரப்பர் உறை காய்ந்து வெடித்திருந்ததால் அதை மாற்றினோம். ரீப்பர் அப்படியே இருந்தது. அதற்கு ஒரு அடி கீழே, கரண்ட் வயரோடு சேராமல், லோ வோல்டேஜுக்கென்று தனியாக ஒரு கேசிங் ஓட்டினோம். இரண்டும் குறுக்கிட வேண்டிய இடங்களில் செங்குத்தாக மட்டும் கடக்க வைத்தோம். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை கால் உயரத்தில் 12 வோல்ட் பட்டை விளக்கு. ஆச்சி கட்டிலை விட்டு இறங்கினால் சென்சார் பார்த்து எரியவிடும். அங்கே ஒரு கணக்கு முக்கியம். 2 ஆம்பியர் எடுக்கிற விளக்குக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயரை 15 மீட்டர் இழுத்தால், போக வர ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 230-ல் ஒன்று போனால் யாருக்கும் தெரியாது. 12-ல் ஒன்று போனால் விளக்கு மங்கும். அதனால் பவர் சப்ளையை விளக்குக்குப் பக்கத்திலேயே வைத்தோம். ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “ஒங்கப்பா அடிச்ச கட்டையில ஒண்ணுகூட ஆடல பாத்தியாய்யா” என்றார். ஆடவில்லைதான்.

அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அன்று பல வீடுகளில் லைட் பாயின்ட்டுக்கு எர்த்தே கிடையாது. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைச் சுற்றி வைத்து, வயர் கருகிப் புகைந்த வீடுகள் உண்டு. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கிற ஆர்சிசிபி இன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். அன்று அது இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

ஆனால் இன்றைக்குக் கருவி விற்கிறவர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. கருவி போய்விடும், வயர் நிற்கும். அமெரிக்காவில் ரிவால்வ் என்ற ஸ்மார்ட் வீட்டு ஹப்பை 2016 மே மாதம் நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் டப்பா மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. வீட்டு விளக்கு எரிவது வேறொரு நாட்டு சர்வரை நம்பி இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் சுவர் ஸ்விட்ச் வேலை செய்ய வேண்டும். கேமராவுக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் கேட்6 வழியாகவே மின்சாரம் அனுப்புகிற பிஓஇ முறையை நான் விரும்புவதற்குக் காரணம், கரண்ட் போனாலும் இவை ஓட வேண்டும் என்பதுதான். பழைய டெலிபோன் வயரில் ஓடிய அதே 48 வோல்ட் அளவுதான் அதிலும் ஓடுகிறது. 2003-ல் வந்த முதல் தரத்தில் ஒரு வயருக்கு 15.4 வாட்; 2018-ல் வந்ததில் 90 வாட் வரை. ராக்கில் ஒரே ஒரு யூபிஎஸ் வைத்தால், கரண்ட் போன ராத்திரியிலும் வீடு முழுவதும் விழித்திருக்கும்.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் பெரிதல்ல. எந்தக் கருவி வாங்குவது என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். பைப்பை முதலில் முடிவு செய்யுங்கள். தளம் போடுவதற்கு முந்தின நாள் நீங்களே சென்ட்ரிங் மேல் ஏறி, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் பசை இருக்கிறதா, வாயெல்லாம் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். லோ வோல்டேஜுக்குத் தனிப் பைப், 25 மில்லிமீட்டர், ஒன்றில் நான்கு கேட்6-க்கு மேல் வேண்டாம். கேட்டுக்கு ஒன்று, மொட்டை மாடிக்கு ஒன்று, ஒவ்வொரு மாடியின் கூரை நடுவுக்கும் ஒன்று, இன்று தேவையில்லை என்று தோன்றினாலும் காலியாகவாவது போட்டு வையுங்கள். ஸ்விட்ச் பெட்டி எல்லாவற்றுக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பைப் பிடித்துப் போட்டோ எடுங்கள். வயரின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். தடம் வரைந்த தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிபி பாக்ஸ் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். செல்போனில் மட்டும் வைத்திருந்தால் அந்தப் போனோடு அதுவும் போய்விடும். கூலி பேசும்போதே இந்தத் தாளையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். தாள் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.