புல் சாகுபடியில் ஒரு விடுபட்ட பிரிவு: குடும்பக் கோல்ஃப் மைதானம் குறித்து

நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பம் தன் சொந்த நிலத்தில் அமைத்து, கட்டணம் செலுத்தும் எவருக்கும் திறந்துவிடும் கோல்ஃப் மைதானத்தை விளையாட்டுக் கூடங்களின் பட்டியலில் சேர்ப்பதே இதுநாள் வரையிலான வழக்கம். அவ்வழக்கு பிழை என்பதும், நன்செய், புன்செய் என்னும் பகுப்பில் இடம்பெறாமல் போன மூன்றாம் வகை விளைநிலமே அது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. வந்தவர் அங்கே நான்கு மணி நேரம் விளையாடிவிட்டுப் போகிறார். உடைய குடும்பமோ ஆண்டு முழுவதும் பயிர் செய்கிறது. செலவழியும் நேரத்தை வைத்து இடத்துக்கு வகை குறிப்பதானால் இவ்வழக்கு இத்துடன் தீர்ந்தது.

பயிராவது புல். ஏனைய உழவர் பயிர் ஓங்குவதைக் கண்டு மகிழ, இவ்வுழவரோ அது செழித்து வளரவும் வேண்டும், வளர்ந்தது தெரியவும் கூடாது என்னும் இரட்டை விருப்பம் உடையவர். குழி அமைந்த வழுவழுப்பான பகுதியாகிய ‘கிரீன்’ 3 அல்லது 4 மில்லிமீட்டர் உயரத்துக்கும், அதை நோக்கிச் செல்லும் அகன்ற பாதையாகிய ‘ஃபேர்வே’ 10 முதல் 15 மில்லிமீட்டர் உயரத்துக்கும் வெட்டப்படுகின்றன. பாதையின் இருமருங்கிலும் ஓங்க விடப்படும் ‘ரஃப்’ என்பது சோம்பலால் விடுபட்டதன்று. குறி தவறியவரைத் தண்டிப்பதற்கென்றே கருத்தாக வளர்க்கப்படுவது. உரமிட்டு வளர்த்ததை மறுநாள் வெட்டி, வெட்டியதை ஓரமாகக் கொட்டி, மீண்டும் உரமிடும் இச்சுழற்சியில் சிக்கனம் தேடுவார் ஏமாறுவர்.

அற்றேல், வெட்டியதை விற்காத தொழிலை வேளாண்மை என்றல் எங்ஙனம் எனின், மகசூல் வேறு வடிவில் வருகிறது என்க. மாடு மேய்ந்தால் அதன் தீனிச் செலவு உடையவர் தலையில் விழும். இங்கே புல்லை மிதிப்பவரே காசு கொடுக்கிறார். பயிருக்குப் பகை வேண்டும் என்னும் நிபந்தனையைக் கனடா வாத்துகள் நிறைவேற்றுகின்றன. அவை கட்டணமின்றி மேய்வதோடு, வந்து போனதற்கான தடயத்தையும் தாராளமாக விட்டுச்செல்கின்றன.

விடியற்காலை வேலை ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்த்தல் தகும். 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழி ஒரே இடத்தில் நீடித்தால் சுற்றியுள்ள புல் காலடியில் தேய்ந்துவிடும் ஆதலால், வீட்டாருள் ஒருவர் கைப்பிடி வைத்த உருளைக் கத்தியைத் தரையில் திருகி இறக்கி, மண்ணும் வேருமாக ஒரு கட்டியை உருவி எடுத்து, அதை முந்தைய குழியில் செருகி, காலால் அழுத்தித் தண்ணீர் தெளித்து, புதுக் குழியில் குவளையைப் பொருத்திக் கொடியை ஊன்றுகிறார். பிறகு அடுத்த கிரீனுக்குப் போகிறார். தோண்டிய மண்ணில் ஒரு பிடியும் வீணாகாத இவ்வேலையை வாடிக்கையாளர் எவரும் பாராட்டியதாகத் தெரியவில்லை. குழி தள்ளிப்போய்விட்டது என்ற புகார் மட்டும் உண்டு.

இத்துணிபுக்குத் தலையாய சான்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈஸ்ட் கேன்டன் அருகே உள்ள கிளியர்வியூ மைதானம். அதை உருவாக்கிய வில்லியம் பவல், சிறு வயதில் ‘கேடி’யாக, அதாவது ஆடுபவரின் மட்டைப்பையைச் சுமப்பவராக இருந்து ஆட்டம் பழகியவர்; இரண்டாம் உலகப் போரில் படைவீரராகப் பிரிட்டன் சென்றபோது அங்குள்ள மைதானங்களில் தடையின்றி ஆடியவர். நாடு திரும்பியதும், கறுப்பினத்தவர் என்பதால் சொந்த ஊர்ப்பக்கத்து மைதானங்கள் அவருக்கு மூடப்பட்டன. படைவீரருக்குரிய கடனும் மறுக்கப்பட்டது. கறுப்பின மருத்துவர் இருவரும் உடன்பிறந்தவரும் கொடுத்த பணத்தில் 1946இல் 78 ஏக்கர் பால்பண்ணை ஒன்றை வாங்கி, இரவில் ஆலைக் காவலராக வேலை பார்த்து, பகலில் கையாலேயே புல் விதை தூவினார். 1948இல் 9 குழிகள் ஆட்டத்துக்குத் திறந்தன. எஞ்சிய 9 விளைய 1978 வரை ஆயிற்று. உறுப்பினர் வெள்ளையராக இருத்தல் வேண்டும் என்ற விதியை அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ஃப் சங்கம் 1961 வரை பேணிக் காத்துக்கொண்டிருக்க, பவலின் நிலத்தில் எந்த நிறத்தவரும் புல்லை மிதிக்கலாம் என்பதே விதி. மனைவி மார்செல்லா தோள்கொடுத்தார். மகன் லாரி புல்லைப் பார்த்துக்கொண்டார். மகள் ரெனே 1967 முதல் தொழில்முறைப் போட்டிகளில் ஆடி, பின்னர் அந்நிலத்துக்கே திரும்பினார். 2001இல் அம்மைதானம் நாட்டின் வரலாற்றிடப் பதிவேட்டில் ஏறியது. பயிர்க்காலம் இத்துணை நீண்ட சாகுபடி வேறு எதுவும் வேளாண் நூல்களில் எளிதில் அகப்படாது.

பொதுவாக இத்தகைய மைதானங்களில் கையால் அள்ளத்தக்க விளைபொருள் ஒன்று உண்டு. அது தொலைந்த பந்து. 45.93 கிராமுக்கு மிகாத அப்பொருள் ரஃபிலும் குளத்திலும் தானே விளைவது. விதைப்புச் செலவு முழுவதும் வாடிக்கையாளருடையது. தொலைந்ததைத் தேட ஆடுபவருக்கு முன்னர் ஐந்து நிமிடமாக இருந்த அவகாசம் 2019இல் மூன்றாகக் குறைக்கப்பட்டது. விதி திருத்தியோர் இக்குடும்பங்களின் வருவாயைக் கருதியே அவ்வாறு செய்தனர் என்பதற்குச் சான்றில்லை. பொறுக்கிய பந்துகள் கழுவப்பட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் வாளியில் மலிவு விலைக்கு வைக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றில் தாம் பேனாவால் இட்ட அடையாளத்தையே காண நேர்ந்தவர், கல்லாவில் இருக்கும் பாட்டியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, காசு கொடுத்தே அதை எடுத்துச்செல்வார். மாலைக்குள் அது குளத்துக்குத் திரும்பிவிடுதலும் உண்டு.