தலைக்கு 41 பவுண்ட்: ஓர் அறநிலையத்துக்குப் பாராட்டு மடல்

பெறுநர்: அறங்காவலர் குழு, ஏஜ் யூகே, லண்டன்.

பொருள்: முதியோரின் நம்பிக்கைக்குச் சந்தை விலை கண்டமைக்குப் பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: சன் நாளிதழ்ச் செய்தி, பிப்ரவரி 2016.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

2016 பிப்ரவரியில் தங்களைத் திட்டாத பிரிட்டிஷ் பத்திரிகை குறைவு. பாராட்டத்தான் ஆள் இல்லாமல் போயிற்று. அந்தக் குறையைத் தீர்க்கவே இம்மடல்.

உலகெங்கும் அறநிலையங்கள் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்துவந்தன. தலைமுறை தலைமுறையாக நல்ல பெயர் சேர்ப்பது, சேர்த்ததை வட்டிக்கு விடாமல் சும்மா போட்டுவைப்பது. அந்தப் பெயரைத் தராசில் ஏற்றி, தலைக்கு இவ்வளவு என்று விலை எழுதி ஒட்டிய பெருமை தங்களுக்கு உண்டு. ஈ.ஆன் நிறுவனத்தின் மின்சார, எரிவாயுக் கட்டணத் திட்டம் ஒன்றைத் தங்கள் பெயரைத் தாங்கியே முதியோருக்குப் பரிந்துரைத்தீர்கள். சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 41 பவுண்ட். ஆண்டுக்குக் கணக்குப் பார்த்தால் சுமார் 60 லட்சம் பவுண்ட். சன் நாளிதழ் இதை வெளியிட்டபோது ஊரே வாயைப் பிளந்தது. பிளந்த வாய்களில் எத்தனை பேருக்குச் சொந்தப் பெயரை விற்றால் 41 பவுண்ட் கிடைத்திருக்கும் என்பது வேறு விஷயம்.

சரக்கு மட்டமானதல்ல. முதியோர் நலக் குழுவாக 1940-இல் தொடங்கி ஏஜ் கன்சர்ன் ஆன அமைப்பும், 1961-இல் பிறந்த ஹெல்ப் தி ஏஜ்டும் 2009 ஏப்ரலில் ஒன்றாகித் தாங்கள் ஆனீர்கள். போர்க்காலத்தில் தனித்துவிடப்பட்ட கிழவர்களுக்கு ஆதரவாக எழுந்த பெயர் அது. எழுபது ஆண்டு ஊறிய நம்பிக்கை. எந்த விளம்பர நிறுவனமும் இதை நான்கு வாரத்தில் தயாரித்துக் கொடுத்துவிட முடியாது. அப்படிப் பார்த்தால் 41 பவுண்ட் அடிமாட்டு விலை. பேரம் பேசத் தெரியாமல் ஏமாந்தது தாங்கள்தானோ என்றுகூட இக்கடிதக்காரருக்குச் சந்தேகம் வருகிறது.

அந்த நம்பிக்கை எந்த இடத்தில் காசாகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் வீட்டு மின்சாரத்தையும் எரிவாயுவையும் தனியார் நிறுவனங்கள் விற்கின்றன. யாரிடம் வாங்குவது என்பதை 1999-இலிருந்து எல்லா வீடுகளும் தாமே முடிவு செய்துகொள்ளலாம். முடிவு செய்வதற்கு முதலில் ரசீதைப் படிக்க வேண்டும். மின்சாரத்துக்கு ஒரு நாள் வாடகை, எரிவாயுவுக்கு இன்னொரு நாள் வாடகை. யூனிட் விலை இரண்டுக்கும் தனித்தனி. எரிவாயு மீட்டர் கன மீட்டரில் ஓடும், ரசீது கிலோவாட் மணியில் வரும். கன மீட்டரை 1.02264-ஆல் பெருக்கி, வந்ததை வாயுவின் வெப்ப மதிப்பால் (39-ஐ ஒட்டி இருக்கும்) பெருக்கி, பிறகு 3.6-ஆல் வகுக்க வேண்டும். எண்பது வயதில், மூக்குக்கண்ணாடி மூக்கு நுனியில் நிற்க, ரேடியேட்டரைப் போடலாமா வேண்டாமா என்ற யோசனைக்கு நடுவே ஒருவர் செய்ய வேண்டிய கணக்கு இது.

இந்தக் கணக்கைச் செய்யாதிருக்க ஒரு நல்ல வழி உண்டு. நம்பகமானவரைக் கேட்பது.

நம்பகமானவர் யார்? வரவேற்பறையை 21 டிகிரியிலும் படுக்கையறையை 18 டிகிரியிலும் வைத்துக்கொள்ளுங்கள், கூச்சப்படாமல் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள் என்று பல குளிர்காலங்களாகச் சொல்லிவருபவர். அதாவது, தாங்கள். வைத்தியர் எழுதிய சீட்டைப் போலத் தங்கள் சின்னம் போட்ட தாளைப் பார்த்தவர், பக்கத்து நிறுவனத்தில் என்ன விலை என்று பார்க்கவில்லை. ஈ.ஆன் விலை கொடுத்து வாங்கியது மின்சாரத்துக்கான வாடிக்கையாளரை என்று வெளியில் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் யாருக்கும் கிடைப்பார். ஒப்பிட்டுப் பார்க்காத வாடிக்கையாளர் கிடைப்பதுதான் அருமை. 41 பவுண்ட் அந்தப் பார்க்காமைக்கு.

இதை வேலியே பயிரை மேய்ந்த கதை என்று சிலர் எழுதினார்கள். அபாண்டம். வேலி ஒரு புல்லைக்கூடக் கடிக்கவில்லை. ஆட்டுக்கு வழியைக் காட்டிவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

இனி எண்களுக்கு வருவோம். தங்கள் திட்டத்தில் சேர்ந்த ஒரு முதியவருக்கு ஆண்டுச் செலவு சராசரியாக 1,049 பவுண்ட் என்றும், அதே ஈ.ஆன் 2015-இல் வைத்திருந்த மலிவான திட்டத்தைவிட இது 245 பவுண்ட் கூடுதல் என்றும் சன் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கையும் செய்திக்குக் கொடுத்த விளக்கத்தையும் தாங்கள் கடுமையாக மறுத்தீர்கள். மறுப்பில் நியாயம் இல்லாமலும் இல்லை. தங்களுடையது இரண்டு ஆண்டுக்கு விலை மாறாத திட்டம். அதை ஓராண்டுத் திட்டத்தோடு பக்கத்தில் நிறுத்துவது முழு நேர்மையான ஒப்பீடு அல்ல. விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், புதிய நல்ல திட்டம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள் என்றுதான் முதியோருக்கு எப்போதும் சொல்லிவருகிறோம் என்றும் விளக்கினீர்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்களாக இருந்தால் தங்களைக் கேட்க வந்திருக்கவே மாட்டார்களே என்று ஓர் அசட்டுக் கேள்வி எழுகிறது. கேள்வியை விடுங்கள்.

விட முடியாத எண் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் கணப்புச் செலவுக்கென்று அரசாங்கம் அப்போது ஓய்வூதிய வயதினர் வீட்டுக்குக் கொடுத்துவந்தது 200 பவுண்ட், 80 வயது தாண்டினால் 300. சன் சொன்ன 245-ஐ நம்பினால், அரசாங்கம் வலது கையில் வைத்ததை ஒரு பரிந்துரை இடது கையிலிருந்து எடுத்துக்கொண்டு, மேலே 45 பவுண்ட் கேட்டது. நம்பாவிட்டால், பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் கூச்சம் போகவில்லை.

குளிரின் விலை தங்களுக்குத் தெரியாததல்ல. குளிர்ந்த வீடுகளால் இங்கிலாந்தின் மருத்துவச் சேவைக்கு ஆண்டுக்கு 136 கோடி பவுண்ட் செலவாகிறது என்று 2012-இல் அறிக்கை வெளியிட்டவர்கள் தாங்களேதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014–15 குளிர்காலத்தில் வழக்கத்தைவிட 43,900 பேர் அதிகமாக இறந்தார்கள். பெரும்பங்கு அந்த ஆண்டு பரவிய ஃப்ளூ காய்ச்சலால் என்பதையும் சொல்லிவிட வேண்டும், பகடிக் கடிதம் என்றாலும் பழி நியாயமாக விழ வேண்டும். ஆனால் அந்தக் காலகட்டத்தில்தான் தங்கள் பெயர் போட்ட திட்டம் சந்தையில் இருந்தது.

கூட்டாளியைத் தேர்ந்தெடுத்த விதமும் பாராட்டுக்குரியது. 2010 ஜூனுக்கும் 2013 டிசம்பருக்கும் இடையில் விற்பனை விதிகளை மீறியதற்காக, 2014 மே மாதத்தில் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமுடன் 1 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு ஈ.ஆன் தீர்வு கண்டது. வாடிக்கையாளருக்குச் சரியான தகவல் போனதா என்று பார்த்துக்கொள்ளாததே குற்றச்சாட்டின் சாரம். வேறொருவராக இருந்தால் அந்தச் செய்தியைப் படித்த மறுநாளே ஒப்பந்தத்தை எடுத்து இன்னொரு முறை படித்திருப்பார். தாங்கள் உறவைப் பாதியில் விடுகிறவர்கள் அல்ல.

தனியாக நின்று தவறு செய்ததாகத் தாங்கள் வருந்தவும் வேண்டாம். ஒப்பீட்டு இணையதளங்களும் தரகு வாங்குகின்றன. தரகு தராத திட்டங்களைச் சில தளங்கள் முதல் திரையில் மறைத்துவைத்த விவகாரத்தை நாடாளுமன்றக் குழு 2015-இல் விசாரித்தது. கடலுக்கு அப்பால் இன்னும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1958-இல் தொடங்கிய ஏஏஆர்பி, யுனைடெட்ஹெல்த்கேரின் முதியோர் துணைக் காப்பீட்டுக்குத் தன் பெயரைக் கொடுத்து, கட்டும் பிரீமியத்தில் 4.95 சதவீதம் பெற்றுவந்தது. இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். பிரீமியம் ஏறினால் உறுப்பினருக்கு நஷ்டம், சங்கத்துக்கு லாபம். தாங்கள் ஒரே தொகையாக வாங்கினீர்கள். இந்த விஷயத்தில் அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் இன்னும் குடிசைத் தொழிலாகவே இருக்கிறது.

செய்தி வந்தபின் நடந்ததெல்லாம் வழக்கமான சடங்கு. அன்றைய எரிசக்தி அமைச்சர் ஆம்பர் ரட் ஆஃப்ஜெமைப் பார்க்கச் சொன்னார். ஒரு வாரம் முடிவதற்குள் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அறநிலைய ஆணையம் விசாரித்து ஏப்ரலில் அறிக்கை தந்தது, ஈ.ஆனுடனான ஏற்பாடு முடிந்தது. ஆஃப்ஜெம் முறையான நடவடிக்கைக்குப் போகவில்லை. கைமாறும் பணத்தைப் பற்றி வாங்குபவருக்கு இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் கருத்து.

இந்த ஒரு வரியில்தான் இக்கடிதக்காரருக்குக் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. அறநிலையத்தின் பெயரைச் சொல்லி ஒரு வியாபாரி விற்றால், அறநிலையத்துக்கு என்ன போகிறது என்பதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது 1992-ஆம் ஆண்டுச் சட்டம். பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். இந்தப் பெட்டியின் விலையில் இத்தனை பென்ஸ் இன்ன அறநிலையத்துக்கு என்று அச்சிட்டிருக்கும். சில பவுண்டுக்கு வாங்கி, ஜனவரியில் குப்பையில் போடும் அட்டைக்கு அத்தனை தெளிவு. இரண்டு குளிர்காலத்துக்குக் கையெழுத்துப் போட்டு ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் கட்டும் ஒப்பந்தத்துக்குத்தான் தெளிவு போதவில்லை.

அந்த 60 லட்சம் நல்ல காரியத்துக்குத்தானே போயிற்று என்று தங்கள் பக்கத்தில் ஒருவர் முனகுவது கேட்கிறது. போயிருக்கும். உதவி எண்களும் பகல்நேர மையங்களும் காற்றைக் குடித்து நடப்பதில்லை. ஆனால் கொடையாளி யார் என்று கேட்டால் ஈ.ஆன் என்று சொல்லிவிடாதீர்கள். நிறுவனம் எந்தத் தரகையும் தன் பையிலிருந்து கொடுப்பதில்லை, எங்கோ ஒரு யூனிட் விலைக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. ஆக, முதியோருக்கு உதவ முதியோரே நன்கொடை கொடுத்திருக்கிறார்கள், கொடுத்தது தெரியாமலேயே. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற வேத வாக்கைத் தாங்கள் கொடுப்பவருக்கும் நீட்டித்துவிட்டீர்கள்.

2016 ஜூனில் போட்டி ஆணையம் எரிசக்திச் சந்தை பற்றிய தன் நெடிய விசாரணையை முடித்தது. பெரிய ஆறு நிறுவனங்களின் வாடிக்கையாளரில் 70 சதவீதத்தினர் விலை கூடிய இயல்புத் திட்டத்தில் கிடந்தார்கள். போட்டி சரியாக நடந்திருந்தால் கட்டியிருக்க வேண்டியதைவிட வாடிக்கையாளர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 140 கோடி பவுண்ட் அதிகம் கட்டினார்கள். அந்த ஆணையத்தின் கணக்கெடுப்பில் 34 சதவீதத்தினர் நிறுவனம் மாற்றுவதைப் பற்றி ஒருமுறைகூட யோசித்ததில்லை என்றார்கள். இவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போகத் தகுதியும் பெயரும் உள்ள அமைப்பு நாட்டில் ஒன்றிரண்டுதான். அதில் ஒன்று கடை விரித்திருந்தது.

தங்கள் கடை அதோடு மூடிவிடவில்லை. ஏஜ் கோ என்ற பெயரில் காப்பீடும், படிக்கட்டில் ஏறும் நாற்காலியும் முதியோரைத் தேடி வந்தன. லாபம் அறத்துக்குப் போகிறது என்று அங்கே சொல்லியிருக்கிறீர்கள். முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை.

எனவே ஒரு சிறு விண்ணப்பம். அடுத்த முறை ஒரு நிறுவனத்தைப் பரிந்துரைக்கும்போது, தாளின் உச்சியில், தலைப்பு எழுத்தின் அளவிலேயே, இதில் நீங்கள் சேர்ந்தால் எங்களுக்கு இத்தனை பவுண்ட் என்று ஒரு வரி போடுங்கள். அதன் கீழே, இன்றைய தேதிக்கு இதைவிட மலிவானது எங்கே கிடைக்கிறது என்று இன்னொரு வரி. இரண்டு வரியையும் போட்ட பிறகும் எந்த நிறுவனமாவது தலைக்கு 41 பவுண்ட் கொடுக்க முன்வந்தால், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எரிவாயு ரசீதை 3.6-ஆல் வகுத்துக்கொண்டிருக்கும் ஒருவர்

பி.கு.: இம்மடலைப் படித்துவிட்டு யாராவது மலிவான நிறுவனத்துக்கு மாறினால், அதில் இக்கடிதக்காரருக்குத் தரகு ஏதும் இல்லை. இருந்திருந்தால் ‘பொருள்’ என்ற வரிக்குப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்.