கேட்கிறவருக்குப் பதில் சொல்லும் கடை

மதுரையில் எங்கள் தாத்தா நடத்திய சுங்குடிப் புடவைக் கடையில் வியாபாரம் பாதி, பேச்சு பாதி. வந்தவர் உட்கார்ந்ததும் முதலில் தண்ணீர். பிறகு யார் வீட்டு விசேஷம், கட்டப்போகிறவருக்கு என்ன வயது என்று விசாரணை. அதற்கப்புறம்தான் அலமாரி திறக்கும். புடவையை உதறி வாசல்வரை கொண்டுபோய், "டியூப் லைட்டுல நெறம் தெரியாதும்மா, இங்க வெளிச்சத்துல பாருங்க" என்பார். சாயம் போகுமா என்று கேட்டால் மழுப்ப மாட்டார். "மொத தடவ கல்லுப்பு போட்ட தண்ணியில தனியா அலசுங்க" என்பார். வெளியூர்க்காரர்கள் அஞ்சலட்டை போடுவார்கள், வி.பி.பி.யில், அதாவது கையில் வாங்கும்போது பணம் கட்டும் தபாலில், புடவை போகும். வந்த அட்டைகளுக்குப் பதில் எழுதிவிட்டுத்தான் கடையைச் சாத்துவார்.

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. சில ஆண்டுகளில் கடைக்கொரு இணையதளம் வேண்டும் என்ற பேச்சு எங்கள் கடைவீதிக்கும் வந்தது. அப்பா ஒன்று போட்டார். கோபுரப் படம், கடைப்பெயர், தொலைபேசி எண், நான்கு புடவைப் படங்கள். கடை இருக்கிறது என்று தெரிந்தது. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. பார்க்கிறவர் அங்கேயே ஒரு சந்தேகம் கேட்க வழியில்லை. சிறு கடைகள் போட்ட தளங்களில் பெரும்பாலானவை அன்று அப்படித்தான் இருந்தன.

நிலைமை மாறியது 2016-இல். யு.பி.ஐ. வந்தது, செப்டம்பரில் ஜியோ வந்தது, கைப்பேசியில் டேட்டா மலிந்தது. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் வந்தது. இப்போது வாடிக்கையாளர் பார்த்துவிட்டுப் போகிறவர் மட்டுமல்ல. கேள்வி கேட்கிறார், படம் போடுகிறார், நட்சத்திரம் கொடுக்கிறார், பிடிக்காவிட்டால் ஊரறியச் சொல்கிறார்.

கடையை இன்று கவனிப்பவர் என் மதினி. காலை வெயில் வாசலில் விழும் நேரத்தில்தான் படமெடுப்பார். ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "அக்கா, இது கையால முடிச்சு போட்டதா, பிரிண்டா?" மதினி புடவையின் ஒரு மூலையை விரலால் தூக்கிப் பிடித்துச் சின்னதாக வீடியோ எடுத்தார். "பாரும்மா, முடிச்சு அவுத்த எடம் துணியில புடைச்சு நிக்குது. புள்ளி ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. பிரிண்ட்ல எல்லாம் ஒரே அளவா, தட்டையா இருக்கும். நம்மகிட்ட ரெண்டும் இருக்கு, வெல வேற." புடவை விற்றது. அதைவிட முக்கியம், அந்த வீடியோவை அந்தப் பெண் தன் உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினார். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. ஆனால் அதன் அருமையை வாங்குகிறவருக்குப் புரியவைப்பது இப்படியொரு பதில்தான்.

இன்னொருவர் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, சாயம் போய் வெள்ளைத் துணியெல்லாம் வீணாகிவிட்டது என்று எழுதினார். மதினி சண்டைக்குப் போகவில்லை, அழிக்க வழியும் தேடவில்லை. வருத்தம் தெரிவித்து, முதல் அலசலைப் பற்றி எழுதி, புடவையை மாற்றித் தருவதாக அதே இடத்தில் பதில் போட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பார்சலிலும் துவைக்கும் முறை தமிழில் அச்சிட்ட சீட்டு போகிறது. குறை சொன்னவரால் கடைக்கு நடந்த நன்மை அது.

சிறு கடைக்காரர்கள் இந்த மாற்றத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. ஆயிரம் ஊர்களுக்கு அனுப்பும் பெரிய நிறுவனத்தால் தள்ளுபடி தர முடியும். ஆனால் இந்தப் புடவைக்கு எந்தத் தெருவில் சாயம் ஏறியது என்று சொல்ல முடியாது. சரக்கை அறிந்தவரே நேரடியாகப் பதில் சொல்வது சின்னக் கடையின் பலம். இணையம் இன்று அந்தப் பலத்துக்கு இடம் கொடுத்திருக்கிறது.

அதற்குச் சில ஒழுங்குகள் வேண்டும். விலையை வெளிப்படையாகப் போடுங்கள். "இன்பாக்ஸில் வாருங்கள்" என்றால் பாதிப் பேர் போய்விடுவார்கள். காசு கொடுத்துப் பாராட்டு எழுத வைக்காதீர்கள். ஒரே செயலியை நம்பிக் கடையை வைக்காதீர்கள்: 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, அதில் மட்டுமே ஆள் சேர்த்திருந்தவர்கள் ஒரே நாளில் அத்தனை பேரையும் இழந்தார்கள். வாங்குகிறவரின் சம்மதத்தோடு அவர் எண்ணை உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள்.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் கடையின் நேரமும் எண்ணும் அங்கே சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பதில் இல்லாமல் கிடக்கும் கேள்வி ஒன்று இருந்தால், முதலில் அதற்குப் பதில் எழுதுங்கள்.