மோகினிக்கு ஐடி கார்டு இல்லை

ஒரகடம் ரோட்டில் மோகினிக்கு இனிமேல் பிழைப்பு இல்லை. நடுராத்திரியில் புளியமரத்தடியில் வெள்ளைப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக ஒரு பெண் நின்றால், கம்பெனி பஸ் டிரைவர் பிரேக் போட்டு, "எந்தக் கம்பெனிம்மா? சீக்கிரம் ஏறு, பஞ்ச் போயிடும்" என்று ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஐடி கார்டு இல்லை என்பது கேட்டில்தான் தெரியவரும். செக்யூரிட்டி அவளை ஓரமாக உட்காரவைத்துவிட்டு லேபர் கான்ட்ராக்டருக்குப் போன் போடுவார். விடிவதற்குள், கால் தரையில் படாத அந்தப் பெண்ணுக்கு ஒரு ஜோடி சேஃப்டி ஷூ கொடுத்து லைனில் நிறுத்தியிருப்பார்கள். ஓவர்டைமுக்கு ஆள் கிடைக்காத ஊர் இது.

கொள்ளிவாய்ப் பிசாசும் போய்விட்டது. ஏரிச் சேறு மட்கி வரும் வாயு பற்றிக்கொள்கிறது என்று அறிவியல் வாத்தியார் சொல்லித்தான் அதை ஒழிக்க வேண்டும் என்பதில்லை. மூன்று ஷிஃப்டும் எரியும் சிப்காட் விளக்கு வெளிச்சத்தில் அது வாயைத் திறந்தாலும் யார் கண்ணுக்கும் தெரியாது. முனீஸ்வரன் மட்டும் சமர்த்து. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இடம் பிடித்து, ஆயுத பூஜைக்கு முதல் பூசணிக்காயையும் வாங்கிக்கொண்டு பர்மனென்ட் ஆகிவிட்டார்.

இந்த ஆள்குறைப்பு எதுவும் தெரியாமல் உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து என் அம்மா வந்து சேர்ந்தார், பேத்தியைப் பார்த்துக்கொள்ள. நானும் மனைவியும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஷிஃப்ட். நாலு வயது மகளுக்கு சோறு ஊட்டும் பொறுப்பு முழுக்க ஆயாவுடையது. அம்மாவிடம் இருந்த ஆயுதங்கள், என்னை வளர்த்த அதே பழைய ஸ்டாக்: பூச்சாண்டி, அஞ்சு கண்ணன், குடுகுடுப்பைக்காரன், ஊசி போடுற டாக்டர், போலீஸ், பிள்ளை பிடிக்கிறவன்.

"வாயத் தொற கண்ணு, பூச்சாண்டி வர்றான் பாரு."

"கேட்ல என்ட்ரி போட்டானா ஆயா?"

அஞ்சு கண்ணன் அதைவிட மோசமாகத் தோற்றான். எங்கள் காம்பவுண்டில் எட்டு கேமரா இருக்கிறது. அஞ்சு கண் எந்த மூலைக்கு? ரசம் சோறு தட்டில் ஆடை கட்டிக்கொண்டிருக்க, அம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டுப் பார்ப்பார். அந்த ஆள் எந்த பஸ்ஸில் வருவான், ஏன் வருவான், வீட்டில் அவனுக்கு யாரும் சோறு போட மாட்டார்களா என்று விசாரணை ஆரம்பமாகும்.

உலகம் முழுக்க இந்த வேலைக்கு முதலில் எடுக்கப்படுகிறவன் மூட்டைக்காரன்தான். எங்கள் கேன்டீனில் சாப்பிட வந்த ஒரு கொரிய இன்ஜினியரிடம் கேட்டேன். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ ஓட ஆரம்பித்த நாளிலிருந்தே எங்கள் பக்கம் கொரியர்களுக்குப் பஞ்சமில்லை. அவர் ஊரில் அவன் பெயர் மாங்தே ஹராபொஜி: முதுகில் கூடைப்பை மாட்டிய தாத்தா, அடம் பிடிக்கும் பிள்ளைகளை அதில் போட்டுக்கொண்டு போய்விடுவாராம். ஸ்பெயினிலும் பிரேசிலிலும் சாக்குக்காரன். நம்மூரில் கோணிப்பை. தெருவில் சாக்கோடு வருகிற மனிதர் யார்? பழைய பேப்பரும் பிளாஸ்டிக்கும் பொறுக்குகிறவர். என் மகளை எடை போட்டு எடுத்தால் அவருக்கு என்ன கட்டுப்படியாகும்? எடுத்தபின் சோறு வேறு ஊட்ட வேண்டும்.

கம்பெனி ஸ்கிராப் எடுக்கிறவர் என்றால் கதையே வேறு. அந்த கான்ட்ராக்டுக்காக எங்கள் வட்டாரத்தில் நடந்த வெட்டுக்குத்தெல்லாம் பேப்பரில் வந்ததுதான். அவர் பெயரைச் சொல்லிக் குழந்தைகளை மிரட்ட வேண்டியதில்லை. மேனேஜர்களே வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு சீக்கிரம் தூங்கப் போய்விடுவார்கள்.

ஆனால் பிள்ளை பிடிக்கிறவன் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 2018-ல் வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிற கூட்டம் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை, குழந்தைகள் இல்லை, பெரியவர்கள் நம்பினார்கள். அந்த மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தில் ஒரு வயதான அம்மா, வழியில் பிள்ளைகளுக்கு சாக்லெட் கொடுத்தார். அவரை ஊரே திரண்டு அடித்துக் கொன்றது. அவர் வடக்கத்திக்காரர்கூட இல்லை, சென்னைக்காரர். அப்போது எங்கள் லைன் வீட்டில் தங்கியிருந்த ஒடிசா பையன்கள் இருட்டியபின் பால் பாக்கெட் வாங்கக்கூட வெளியே வரவில்லை. பிள்ளை பிடிக்கிறவன் ஒருத்தனை மட்டும் வேலையைவிட்டு நிறுத்திவிடும்மா என்று சொன்னேன். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை.

பக்கத்துப் போர்ஷனில் அசாம்காரக் குடும்பம். அங்கேயும் ராத்திரி ஒன்பது மணிக்கு இதே போராட்டம், பாஷைதான் வேறு. அவர்கள் ஊர்ப் பூதம் கான்கோவா. தூங்காத பிள்ளைகளின் காதைத் தின்னும். அந்தப் பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்த என் மகள், "காதுல என்ன டேஸ்ட் இருக்கும்?" என்று கேட்டாள். அசாமியக் கவி ஸ்ரீதர கந்தலி இதே பெயரில் ஒரு காவியத் தாலாட்டு பாடியிருக்கிறார். அதில் யசோதை கண்ணனை கான்கோவா சொல்லிப் பயமுறுத்துகிறாள். மீனாகவும் ஆமையாகவும் பன்றியாகவும் வந்து எல்லா உலகத்தையும் பார்த்தவன், இப்படி ஒன்றை எங்கேயும் காணவில்லையே என்று மிரள்கிறான். நம் பெரியாழ்வாரிடம் இது அப்படியே தலைகீழ். அங்கே இமையை மடித்து அப்பூச்சி காட்டி மற்றவர்களைப் பயமுறுத்துகிறவனே கண்ணன்தான். ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் வைணவப் பெரியவர்களிடம் கேட்டால் இரண்டுக்கும் உரை சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: பரம்பொருளே வந்து பிறந்தாலும் அம்மாக்காரிக்கு அது சீக்கிரம் சாப்பிட்டுத் தூங்கினால் போதும். அடுத்த வேலை காத்துக்கொண்டிருக்கிறது.

முறையாக, சிஸ்டமாக இந்தக் காரியத்தைச் செய்கிறவர்கள் ஜப்பானியர்கள். அகிதா மாகாணத்தில் ஓகா என்ற தீபகற்பம். டிசம்பர் 31 ராத்திரி, ஊர் ஆண்கள் பூத முகமூடியும் வைக்கோல் அங்கியும் மாட்டிக்கொண்டு, மரக்கத்தியோடு வீடு வீடாக நுழைகிறார்கள். பெயர் நமஹகே. அழுகிற பிள்ளை உண்டா, சோம்பேறி உண்டா என்று கர்ஜனை. கையில் ஒரு பதிவேடு. யார் வீட்டுப்பாடம் எழுதவில்லை, யார் பெரியவர்கள் பேச்சைக் கேட்கவில்லை, எல்லாம் அதில் இருக்கிறது. வீட்டுக்காரர் பூதத்தை உட்காரவைத்து, சாகே ஊற்றிக் கொடுத்து, இனிமேல் பிள்ளை ஒழுங்காக இருப்பான் என்று வாக்குக் கொடுக்கிறார். அடுத்த வருஷம் வந்து பார்ப்பேன் என்று பூதம் கிளம்புகிறது. 2018-ல் யுனெஸ்கோவே இதைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இதைப் படித்தபோது எனக்கு உள்ளங்கை வேர்த்தது. இது கஸ்டமர் ஆடிட் அல்லவா! அதே பதிவேடு. கேஜில் காலிபரேஷன் ஸ்டிக்கர் தேதி முடிந்துவிட்டது, மஞ்சள் கோட்டைத் தாண்டி ட்ராலி நிற்கிறது, சிவப்புப் பெட்டியில் டேக் இல்லை. அதே வாக்கு: கரெக்டிவ் ஆக்‌ஷன் பதினைந்து நாளில் அனுப்புகிறோம் சார். சாகேவுக்குப் பதில் மட்டன் பிரியாணி. நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில், ரிஜெக்ட் பெட்டிகளை டெம்போவில் ஏற்றி, ஆடிட்டர் போகும்வரை சிப்காட்டைச் சுற்றிவரச் சொன்னதும் உண்டு. ஓகாவில் குழந்தைகள் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்களாம். எங்களுக்கு ஸ்டோர்ஸ் ரூம்.

போன வாரம் ஒரு ராத்திரி முழுக்க போனில் அதே பேச்சு: ஆடிட் வருது, ஆடிட் வருது. என் முகத்தை மகள் பார்த்திருக்கிறாள். அவளைவிட நன்றாக அம்மா பார்த்திருக்கிறார். மறுநாள் காலை இட்லித் தட்டோடு புது ஆளை இறக்கினார்.

"ஆடிட்டு வர்றான் கண்ணு, வாயத் தொற."

திறந்தாள். மூன்று இட்லி மடமடவென்று உள்ளே போயிற்று. அம்மா வாயெல்லாம் பல்லாக என்னிடம் வந்தார்.

"ஏண்டா, நல்ல ஆளாத்தான் புடிச்சிருக்க. அவன் எப்படி இருப்பான்? கொம்பு உண்டா?"

"கொம்பெல்லாம் இல்லம்மா. கையில ஒரு நோட்டு வச்சிருப்பார். எதைக் காட்டினாலும் ஏன்னு கேப்பார். பதில் சொன்னா அதுக்கும் ஏன்னு கேப்பார். அஞ்சு தடவை கேட்டாத்தான் விடுவார்."

அம்மா, பேத்தியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு பயந்த?"