மூலப்பத்திரம் எங்கே, மருமவனே?

(மாமா: சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். மருமகன்: கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். விசிட்டிங் கார்டில் 'போஸ்ட்-இண்டர்நெட் கலைஞர்' என்று போட்டிருக்கிறார். கார்டு அடித்த அச்சகத்துக்குப் பாக்கி இன்னும் நிற்கிறது. இடம்: மாமா வீட்டுத் திண்ணை.)

மருமகன்: மாமா, 2021 மார்ச் 11ஆம் தேதி உலகக் கலை வரலாறே ரெண்டாப் பிளந்துச்சு.

மாமா: அந்த மாசம் நான் கொரோனா ஊசிக்கு வரிசையில நின்னேன். பிளந்த சத்தம் கேக்கல. என்ன நடந்துச்சு?

மருமகன்: கிறிஸ்டீஸ் ஏலத்துல, பீப்பிள்ங்கிற அமெரிக்கரோட டிஜிட்டல் படம் 6 கோடியே 93 லட்சம் டாலருக்குப் போச்சு. மனுஷன் 2007 மே 1லேருந்து ஒரு நாள் விடாம தினம் ஒரு படம் போட்டவர். அதுல 5000 படத்தை அடுக்கி ஒரே படமா ஆக்கினார். ஏலம் ஆரம்பிச்சது வெறும் 100 டாலர்ல!

மாமா: நல்ல பழக்கம். நீ 5000 நாளா தினம் செய்யறது டீ குடிக்கிறது ஒண்ணுதான்.

மருமகன்: வாங்கினது யாருன்னு கேளுங்க. விக்னேஷ் சுந்தரேசன். சென்னையில வளர்ந்தவர், இப்ப சிங்கப்பூர்ல இருக்கார். இந்தியர்களும் கலைக்குப் புரவலர் ஆகலாம்னு காட்டத்தான் வாங்கினதாச் சொன்னார்.

மாமா: நம்ம ஊர்ப் பையனா! (நிமிர்ந்து உட்கார்கிறார். இதுவரை உலகக் கலையாக இருந்தது, இனி குடும்ப விஷயம்.) சரி, சொத்து விவரம் சொல்லு.

மருமகன்: 21,069 பிக்சல் நீளம், 21,069 பிக்சல் அகலம். ஜேபெக் கோப்பு.

மாமா: சதுரமான மனை. எல்லைத் தகராறு வராது. சுவாதீனம் ஒப்படைச்சாச்சா?

மருமகன்: அப்படின்னா?

மாமா: வாங்கினவர் வேலி போட்டு, பூட்டி, 'இது என்னது, எவனும் உள்ள வராதே'ன்னு சொல்ல முடியுமான்னு கேக்கறேன்.

மருமகன்: ஐயோ, அது யார் வேணா பார்க்கலாம் மாமா. நானே டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கேன்.

மாமா: ஆக்கிரமிப்பு!

மருமகன்: இல்ல மாமா. படம் எல்லார்கிட்டயும் இருக்கலாம். 'இது இன்னார் பேர்ல'ங்கிற டோக்கன், அதாவது என்எஃப்டி, பிளாக்செயின்ங்கிற பொதுப் பதிவேட்டுல ஒருத்தர்கிட்டதான் இருக்கும்.

மாமா: அவர் அதை அச்சடிச்சு வித்துக்கலாமா?

மருமகன்: பதிப்புரிமை ஓவியர்கிட்டயே நின்னுடுச்சு.

மாமா: ஆக, மனையில ஊரே நடக்கலாம். வீடு கட்டற உரிமை வித்தவன்கிட்டயே. வாங்கினவருக்குக் கையில பத்திரம் மட்டும். மருமவனே, சர்வீஸ்ல நான் எத்தனையோ கில்லாடிகளைப் பார்த்திருக்கேன். ஒருத்தனுக்கும் இந்தத் தைரியம் வந்ததில்ல. போகட்டும், அந்தப் பிளாக்செயின்லயாவது படம் இருக்கா?

மருமகன்: பெரும்பாலான என்எஃப்டில படம் அங்க இருக்காது. கனம் தாங்காது. படம் இருக்கிற விலாசம்தான் இருக்கும்.

மாமா: விலாசத்துல போய்ப் பார்த்தா வேற பொருள் இருந்தா?

மருமகன்: (குரலைத் தாழ்த்தி) அதையும் ஒருத்தர் செஞ்சு காட்டிட்டார். மாக்சி மார்லின்ஸ்பைக், சிக்னல் செயலியை உருவாக்கினவர். 2022 ஜனவரியில விவரமா எழுதினார். அவர் போட்ட என்எஃப்டி ஒரு சந்தையில பார்த்தா ஒரு படம், அடுத்த சந்தையில வேற படம். காசு கொடுத்து வாங்கி உங்க வாலட்டைத் திறந்தா, மலக்குவியல் எமோஜி.

மாமா: (சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார்) ஆளுக்கு ஒரு மனையைக் காட்டற சர்வே நம்பர்! இவரும் உங்க கலைஞர்தானே?

மருமகன்: இல்ல, சங்கேதக் குறியீட்டு நிபுணர்.

மாமா: தப்பான துறையில இருக்கார். இன்னொண்ணு சொல்லு, அந்த பீப்பிள் காசை என்ன பண்ணினார்?

மருமகன்: ஈதர்ங்கிற கிரிப்டோ நாணயமாத்தான் கைக்கு வந்துச்சு. உடனே டாலரா மாத்திட்டார். இதெல்லாம் நீர்க்குமிழிதான்னு பேட்டியிலயும் சொன்னார்.

மாமா: இந்தக் கதையில யதார்த்தவாத ஓவியர் அவர் ஒருத்தர்தான்.

மருமகன்: நீங்க பணத்தையே பிடிச்சுட்டு நிக்கறீங்க. இது கருத்தியல் கலை. ஜஸ்டின் சன்னுன்னு ஒருத்தர், பீப்பிள் படத்துக்குக் கடைசி வரைக்கும் ஏலம் கேட்டுத் தோத்தவர். 2024ல கட்டெலான்ங்கிற கலைஞரோட படைப்பை 62 லட்சம் டாலருக்கு வாங்கினார். சுவர்ல டேப் போட்டு ஒட்டின வாழைப்பழம். வாங்கி, பத்திரிகைக்காரங்க முன்னாடியே உரிச்சுச் சாப்பிட்டார்.

மாமா: பழம் போனா சொத்து போச்சே?

மருமகன்: சான்றிதழ் இருக்கே! அதை வெச்சு வேற பழம் ஒட்டிக்கலாம்.

மாமா: அப்ப சுவாதீனம் எடுத்தது இவர் ஒருத்தர்தான். மேல போ.

மருமகன்: ரிச்சர்ட் பிரின்ஸைப் பத்திச் சொன்னாத்தான் உங்களுக்கு இணையக் கலாச்சாரம் புரியும். 2014ல மத்தவங்க இன்ஸ்டாகிராம்ல போட்ட படங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். கீழ தானே ஒரு கமெண்ட் போட்டார். ஆளுயரத்துக்குப் பெருசாக்கி, நியூயார்க்ல ககோசியன் காலரியில மாட்டினார். ஒவ்வொண்ணும் 90,000 டாலர் வரைக்கும் பேசப்பட்டுச்சு.

மாமா: படம் எடுத்தவங்களுக்கு?

மருமகன்: அது வந்து... 'அப்ராப்ரியேஷன்'னு ஒரு மரபு...

மாமா: அடுத்தவன் சொத்தைத் தன் பேருக்கு எழுதிக்கறதுக்கு எங்க ஆபீஸ்ல ஒரு மரபு உண்டு. அதுல உள்ள போனவங்களும் உண்டு.

மருமகன்: 2024 ஜனவரியில ரெண்டு புகைப்படக்காரங்க போட்ட வழக்குல நஷ்டஈடு கொடுக்க வேண்டி வந்துச்சு, உண்மைதான். ஆனா அதுக்கு முன்னாடியே சூசைட் கேர்ள்ஸ்னு ஒரு குழு, தங்களோட படங்களையும் அவர் எடுத்துக்கிட்டதுக்குப் பதில் கொடுத்துச்சு. அவர் மாட்டின அதே சைஸ்ல, அதே படத்தை அச்சடிச்சு, 90 டாலருக்கு வித்தாங்க.

மாமா: வக்கீல் வெக்காம ஜெயிச்ச கேஸ். (கொஞ்சம் யோசித்து) ஏம்ப்பா, விக்கவே முடியாத கலைன்னு உங்க இண்டர்நெட்ல ஒண்ணுமே இல்லையா?

மருமகன்: (அலுப்புடன்) இருக்கு. அதுக்கெல்லாம் மார்க்கெட் கிடையாது. சைமன் வெக்கர்ட்னு ஒரு ஜெர்மன்காரர், 2020ல வீடியோ போட்டார். 99 பழைய ஸ்மார்ட்ஃபோனை ஒரு சிவப்புத் தள்ளுவண்டியில போட்டு, பெர்லின் தெருவுல மெல்ல இழுத்துட்டுப் போனார். எல்லாத்துலயும் கூகுள் மேப்ஸ் ஓடுது. தெரு காலியாக் கிடக்கு. ஆனா மேப்ல அந்தத் தெரு பச்சையிலேருந்து சிவப்பாயிடுச்சு.

மாமா: ஏன்?

மருமகன்: இத்தனை போன் இவ்வளவு மெதுவா நகர்ந்தா அது டிராஃபிக் ஜாம்தான்னு மேப் முடிவு பண்ணிடுது. கூகுளோட பெர்லின் ஆபீஸ் வாசல்லயே இழுத்தார்.

(மாமா எழுந்துவிட்டார். முப்பது வருடம் கோப்பில் எழுதியதை மட்டும் நம்பி, எதிரே நின்ற ஆளை நம்பாமல் வேலை பார்த்தவருக்கு இந்த வண்டி எங்கேயோ குத்தியிருக்க வேண்டும்.)

மாமா: தெருவுல கார் இல்ல. ஆனா கணக்குல நூறு கார். ஊரே கணக்கைப் பார்த்துட்டு வேற தெருவுல திரும்புது! இது கலை! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?

மருமகன்: இதுல விக்க என்ன மாமா இருக்கு? வண்டியையா?

மாமா: இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு.

மருமகன்: கான்ஸ்டன்ட் டுல்லார்ட், டச்சுக்காரர். 2014ல 25 லட்சம் போலி இன்ஸ்டாகிராம் ஃபாலோயரை விலைக்கு வாங்கினார். கலை உலகப் புள்ளிகளோட கணக்குகளுக்குப் பிரிச்சு விட்டார், எல்லாருக்கும் ஒரே மாதிரி லட்சம் வர்ற மாதிரி. கேட்காமலே.

மாமா: ஃபாலோயர் சமத்துவபுரம்! அதிகம் வெச்சிருந்தவன் எவ்வளவு வயிறெரிஞ்சிருப்பான்!

மருமகன்: எனக்கு ஒண்ணும் வரல.

மாமா: அடுத்து?

மருமகன்: பிட்னிக்னு ஜூரிச்ல ஒரு கலைஞர் ஜோடி. 2014ல ஒரு ரோபோ நிரல் எழுதி, வாரம் 100 டாலருக்கு பிட்காயின் கொடுத்து, டார்க்நெட்ங்கிற மறைவு இணையச் சந்தையில கண்ணை மூடிட்டு எதையாவது வாங்கச் சொன்னாங்க. வந்த பொருளெல்லாம் சாங்ட் காலன்ங்கிற ஊர்ல ஒரு கலைக்கூடத்துல நேரா காட்சிக்கு. போலி ஜீன்ஸ், சிகரெட், சாவிக்கொத்து... ஒரு வாரம் போதை மாத்திரை வந்துச்சு. 2015 ஜனவரியில போலீஸ் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போச்சு.

மாமா: முதல் குற்றவாளின்னு யார் பேரைப் போட்டாங்க? ரோபோவையா?

மருமகன்: யார் மேலயும் வழக்கு இல்ல. மாத்திரையை மட்டும் அழிச்சுட்டு, மத்ததைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.

மாமா: நல்ல போலீஸ். நம்ம ஊரா இருந்தா ரோபோவோட அப்பன் பேர், ஊர், தொழில் கேட்டு எழுதியிருப்பாங்க. மருமவனே, இதுல ஏதாவது ஒண்ணு நீ செய். போன்ல பாதி நான் வாங்கித் தர்றேன்.

மருமகன்: அந்தக் காலம் போச்சு மாமா. இப்ப செயற்கை நுண்ணறிவு. இதோ பாருங்க, நேத்து நான் உருவாக்கினது. (போனை நீட்டுகிறார்.)

மாமா: யாரு இது? முகம் பாதி கரைஞ்சு கிடக்கு.

மருமகன்: யாரும் இல்ல. அதுதான் அழகு. 2018ல கிறிஸ்டீஸ்ல ஆப்வியஸ்னு ஒரு பிரெஞ்சுக் குழுவோட 'எட்மண்ட் டி பெலமி' படம் இப்படித்தான். 7,000லேருந்து 10,000 டாலர் போகும்னு மதிப்பிட்டாங்க. 4,32,500க்குப் போச்சு. கையெழுத்து போடற இடத்துல ஒரு கணித வாய்பாடு!

மாமா: நிரல் அவங்களே எழுதினதா?

மருமகன்: பெரும்பகுதி ராபி பாரட்ங்கிற பையன் இலவசமாப் போட்டு வெச்சிருந்தது. அப்ப அவனுக்கு 19 வயசு. அவங்க 15,000 பழைய ஓவியங்களைக் காட்டிப் பழக்கினாங்க.

மாமா: பையனுக்கு ஏலப்பணத்துல பங்கு?

மருமகன்: (மௌனம்.)

மாமா: சரி, உன் படத்துக்கு மூலப்பத்திரம் எங்க? இந்தக் கண்ணு யார்கிட்டேருந்து வந்துச்சு, இந்த நிழல் எந்த ஓவியர் போட்டது?

மருமகன்: கோடிக்கணக்கான படம் மாமா. யாருக்குத் தெரியும்?

மாமா: மூலம் இல்ல. நாலு எல்லை இல்ல. முன் உரிமையாளர் பேர் இல்ல. எங்க ரெக்கார்டுல இதைப் புறம்போக்குன்னுதான் எழுதுவோம்.

மருமகன்: (கண்கள் விரிகின்றன) 'புறம்போக்கு 2.0'! மாமா, கண்காட்சித் தலைப்பே கிடைச்சுடுச்சு!

மாமா: இரு. என்எஃப்டியில மறுவிற்பனைக்கு ராயல்டி உண்டுன்னு போன தீபாவளிக்குச் சொன்னியே. தலைப்பு கொடுத்தவனுக்கு எவ்வளவு?

மருமகன்: அந்த ராயல்டியை 2023ல பெரிய சந்தைக்காரங்களே 'விருப்பப்பட்டா கொடுக்கலாம்'னு மாத்திட்டாங்க மாமா.

மாமா: அப்ப எழுதியே கொடுத்துடு. அலமாரியில முத்திரைத்தாள் இருக்கு. சாட்சிக் கையெழுத்துக்கு உங்க அத்தையைக் கூப்பிடு.